மகனுக்குக் கொடுத்த கண் சொட்டு மருந்து மீதி இருக்கிறது, நானும் விடலாமா?

கேள்வி இதுதான்: மூன்று வாரத்துக்கு முன் மகனுக்குக் கண் சிவந்து பீளை தள்ளியது. மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாட்டிக் சொட்டு மருந்தில் பாதி பாட்டில் மிச்சம். இப்போது எனக்கு ஒரு கண் சிவந்திருக்கிறது, காலையில் இமை ஒட்டிக்கொள்கிறது. அதே மருந்தை நானும் விடலாமா? எத்தனை சொட்டு, எத்தனை நாள்? கண் தெளிந்ததும் நிறுத்திவிடலாமா? வீட்டில் ஒன்பது மாதக் குழந்தையும் இருக்கிறது.

விடாதீர்கள். அந்தப் பாட்டிலைத் திரும்ப எடுத்து வைக்கவும் வேண்டாம். காரணம் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நான் மருத்துவர் இல்லை, செவிலி. கண் பிரிவில் பத்தொன்பது வருடமாகச் சொட்டு மருந்து விடுவதும், அதை விடக் கற்றுக்கொடுப்பதும்தான் என் வேலை. மருத்துவர் தவறான மருந்தை எழுதி வந்த சிக்கலை நான் பார்த்தது குறைவு. சரியான மருந்தைத் தவறான கண்ணில் விட்டது, தவறான நேரத்தில் விட்டது, விட்டதாக நினைத்துக் கன்னத்தில் வழியவிட்டது, இவைதான் அதிகம்.

முதலில் உங்கள் கண்ணில் இருப்பது பாக்டீரியாதானா என்று பார்க்க வேண்டும். கண் சிவந்தால் எல்லாவற்றையும் 'மெட்ராஸ் ஐ' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் வெள்ளை விழியை மூடியிருக்கும் மெல்லிய சவ்வு சிவப்பதற்கு மூன்று பெரிய காரணங்கள் உண்டு: வைரஸ், பாக்டீரியா, அலர்ஜி. பெரியவர்களுக்கு வரும் தொற்றில் வைரஸ்தான் அதிகம், அதிலும் அடினோவைரஸ். ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவை மட்டும்தான் தாக்கும், வைரஸை ஒன்றும் செய்யாது. அலர்ஜிக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது.

பொதுவான அடையாளங்கள் சில உண்டு. பாக்டீரியா என்றால் பீளை கெட்டியாக, மஞ்சளாகவோ பச்சை கலந்தோ இருக்கும். துடைத்துவிட்டால் கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கண் ஓரத்தில் வந்து நிற்கும். வைரஸ் என்றால் தண்ணீராக வடியும், மணல் விழுந்த மாதிரி உறுத்தும். ஒரு கண்ணில் தொடங்கி இரண்டு மூன்று நாளில் அடுத்த கண்ணுக்குத் தாவும். சளி, தொண்டை வலி கூடவே இருக்கலாம், காதுக்கு முன்னால் சின்ன நெறி கட்டும். அலர்ஜிக்கு அரிப்புதான் முதல் அடையாளம். இரண்டு கண்ணும் சேர்ந்தே அரிக்கும், தேய்க்கத் தேய்க்க இன்னும் அரிக்கும்.

எழுத்தில் இது தெளிவாகத்தான் இருக்கிறது. நேரில் அப்படி இருப்பதில்லை. காலையில் இமை ஒட்டிக்கொள்வதை வைத்துப் பாக்டீரியா என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். வைரஸிலும் ஒட்டும். இரவெல்லாம் கண் மூடியிருக்கும்போது வடிந்த நீர் இமை மயிரில் காய்ந்தாலே போதும், ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இமையைப் பிரித்து, முகம் கழுவி, அரை மணி கழித்துப் பாருங்கள். அப்போதும் கெட்டிப் பீளை ஊறிக்கொண்டே இருக்கிறதா, நீர் மட்டும்தானா? அதற்குத்தான் கொஞ்சம் அர்த்தம் உண்டு. அதுவும்கூட உறுதி இல்லை. அனுபவமுள்ள மருத்துவரே பார்வையை மட்டும் வைத்து எப்போதும் சரியாகச் சொல்லிவிட முடியாது.

அதனால் மகனுக்கு இருந்தது பாக்டீரியாவாகவே இருந்தாலும் உங்களுக்கும் அதுவேதான் என்று ஆகிவிடாது. மூன்று வார இடைவெளி வேறு இருக்கிறது.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன், சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். சாதாரண பாக்டீரியா தொற்றே பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் மருந்தில்லாமலே அடங்கிவிடும். சொட்டு மருந்து அதைச் சில நாள் முன்னதாக முடித்துவைக்கிறது, மற்றவருக்குப் பரவும் காலத்தையும் குறைக்கிறது. அவ்வளவுதான். அதனால்தான் லேசான தொற்றுக்குச் சில மருத்துவர்கள் "சுத்தமா துடைச்சிட்டு மூணு நாள் பாருங்க, குறையலைன்னா வாங்க" என்று அனுப்பிவிடுவார்கள். மருந்து எழுதாமல் அனுப்பிவிட்டாரே என்று அவர்மேல் கோபப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் செய்தது சரிதான். தேவையில்லாமல் ஆன்டிபயாட்டிக் ஊற்றிக்கொண்டே போனால், இமை ஓரத்தில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதற்குப் பழகிவிடுகின்றன. நிஜமாகவே தேவைப்படும் நாளில் அந்த மருந்து வேலை செய்யாமல் போகும்.

அப்படியென்றால் எப்போது பொறுத்துப் பார்க்கவே கூடாது? கண் வலித்தால். உறுத்தலைச் சொல்லவில்லை, ஆழத்திலிருந்து வரும் வலியைச் சொல்கிறேன். வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் கண் கூசினால். பார்வை மங்கி, கண்ணைச் சிமிட்டிய பிறகும் தெளியாவிட்டால். கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்தால். கண்ணில் இலையோ தூசியோ இரும்புத் துகளோ பட்ட பிறகு சிவந்திருந்தால். கான்டாக்ட் லென்ஸ் போடுபவராக இருந்தால். சமீபத்தில் கண்ணில் ஆபரேஷன் நடந்திருந்தால். சிவப்போடு தலைவலியும் வாந்தியும் விளக்கைச் சுற்றி வானவில் வட்டமும் வந்தால், அது கண் அழுத்தம் திடீரென ஏறிய அறிகுறியாக இருக்கலாம். இமை முழுக்க வீங்கிக் காய்ச்சலும் வந்து, விழியை அசைத்தாலே வலித்தால், தொற்று கண் குழிக்குள் இறங்கியிருக்கலாம். இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு ராத்திரி பார்க்கலாம் என்பது இங்கே செல்லாது.

மீதிப் பாட்டிலைப் பற்றி எனக்கு இருக்கும் பெரிய பயம் வேறு. அதில் ஆன்டிபயாட்டிக் மட்டும்தான் இருக்கிறதா?

ஆன்டிபயாட்டிக்கோடு ஸ்டீராய்டு சேர்த்த கண் சொட்டு மருந்துகள் நிறைய உண்டு. பாட்டில் அதே அளவு, மூடி ஏறக்குறைய அதே மாதிரி, பெயரில் ஓரெழுத்து கூடுதலாக இருக்கும். கண்ணைச் சோதித்துவிட்டு, தேவை என்று பட்டால் மருத்துவர் அதைக் கொடுப்பார். அது நல்ல மருந்துதான். சோதிக்காத கண்ணில் விட்டால்தான் வம்பு. ஸ்டீராய்டு சிவப்பைச் சட்டென்று குறைக்கும், எரிச்சல் அடங்கும், 'ஆஹா, கேட்டுவிட்டது' என்று தோன்றும். உள்ளே இருப்பது ஹெர்பிஸ் வைரஸாகவோ பூஞ்சையாகவோ இருந்தால், சிவப்பு குறைந்த திரைக்குப் பின்னால் அது கருவிழியைத் தின்றுகொண்டிருக்கும்.

ஒருவரை மறக்க முடியவில்லை. அண்ணனுக்குக் கொடுத்த சொட்டு மருந்தை எட்டு நாள் விட்டுக்கொண்டு வந்தார். "ரெண்டாவது நாளே சிவப்பு போயிடுச்சு சிஸ்டர், இப்பதான் மறுபடி மங்கலா இருக்கு" என்றார். கீழிமையில் ஃப்ளோரசின் சாயக் காகிதத்தைத் தொட்டு வைத்து, நீல வெளிச்சத்தில் மருத்துவர் பார்த்தார், என்னையும் பார்க்கச் சொன்னார். கருவிழியின் நடுவில் பச்சையாக ஒளிர்ந்துகொண்டு ஒரு மரக்கிளை. கிளைக்குக் கிளை, நுனியில் மொட்டு மாதிரி சின்ன உருண்டைகள். ஹெர்பிஸ் புண்ணின் அடையாளம் அது. அவர் கையோடு கொண்டுவந்த பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன், டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்ந்தது. புண் ஆறியது. ஆனால் ஆறிய இடத்தில் பூ விழுந்துவிட்டது. இன்றும் அந்தக் கண்ணில் எழுத்து கலங்கித்தான் தெரியும் அவருக்கு.

ஆகவே எந்தப் பாட்டிலாக இருந்தாலும் பெரிய எழுத்தில் இருக்கும் பிராண்டுப் பெயரை விட்டுவிட்டுச் சின்ன எழுத்தில் இருக்கும் சேர்மானத்தைப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், ஃப்ளூரோமெத்தலோன், பிரட்னிசோலோன் என்று 'சோன்', 'லோன்' என முடியும் பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. லோட்டிபிரட்னால், டைஃப்ளூபிரட்னேட் இரண்டும் அந்தக் குடும்பம்தான், நடுவில் 'பிரட்ன்' என்று வருவதைப் பாருங்கள். வாரக்கணக்கில் கேட்பாரில்லாமல் விட்டால் கண் அழுத்தம் ஏறும், கண்புரையும் வரலாம். அழுத்தம் ஏறுவது வலியில்லாமல் நடக்கும். பார்வை நரம்பு போன பிறகுதான் தெரியவரும்.

ஸ்டீராய்டு இல்லை, சுத்தமான ஆன்டிபயாட்டிக்தான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தப் பாட்டில் உதவாது. திறந்த கண் மருந்தை நான்கு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது பொதுவான கணக்கு. சிலவற்றுக்கு அதைவிடக் குறைவு, அட்டையில் போட்டிருப்பார்கள். பாட்டிலில் அச்சடித்திருக்கும் காலாவதித் தேதி முத்திரை உடைக்காத பாட்டிலுக்கு, நீங்கள் திறந்த நாளிலிருந்து வேறு கணக்கு ஓடுகிறது. அதனால் திறந்த அன்றே பேனாவால் பாட்டில் மேல் தேதியை எழுதிவிடுங்கள். பதப்படுத்தும் பொருள் இல்லாத ஒற்றைவேளைக் குப்பி என்றால் திறந்த அந்த வேளைக்கு மட்டும்தான், மிச்சத்தை வைக்கக் கூடாது.

உங்கள் பாட்டிலுக்கு மூன்று வாரம்தானே ஆகிறது என்பீர்கள். அது ஒரு குழந்தையின் தொற்றுப் பிடித்த கண்ணுக்கு மேலே ஒரு வாரம் போய் வந்த பாட்டில். திமிறும் குழந்தைக்கு விடும்போது நுனி இமை மயிரில் படாமல் இருந்திருக்குமா? பட்டால், அழுத்திய விரலை விட்டதும் பாட்டில் காற்றோடு சேர்த்து நுனியில் இருப்பதையும் உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். மருந்துப் பாட்டில் அப்படித்தான் கிருமிப் பாட்டிலாகிறது. ஆன்டிபயாட்டிக் பாட்டிலுக்குள் கிருமி எப்படி வாழும் என்று கேட்கலாம். அந்த மருந்துக்கு அடங்காத கிருமி வாழும். அதுதான் வேண்டாத கிருமி.

கண்ணில் விடும் திரவம் சுத்தமாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023-இல் அமெரிக்காவில் நடந்தது பெரிய பாடம். செயற்கைக் கண்ணீர் என்று விற்ற சொட்டு மருந்தில், மருந்துகளுக்கு அடங்காத சூடோமோனாஸ் பாக்டீரியா இருந்தது. 18 மாநிலங்களில் 81 பேருக்குத் தொற்று, 14 பேருக்குப் பார்வை போனது, 4 பேர் இறந்தார்கள். அங்கே கிருமி தொழிற்சாலையிலிருந்து வந்தது. வீட்டில் அதையே நாம் நுனியைத் தொட்டுச் செய்துகொள்கிறோம்.

நுனி என்றதும் ஞாபகம் வருகிறது. புதுப் பாட்டில்கள் சிலவற்றில் நுனி அடைத்தே இருக்கும். மூடியின் உள்ளே முள் மாதிரி ஒன்று இருக்கும், மூடியை முழுக்க இறுக்கித் திருகினால் அது ஓட்டை போட்டுவிடும். இது தெரியாமல் ஊக்கு, ஊசி, கத்தரிக்கோல் நுனி என்று எதையாவது வைத்துக் குத்துகிறார்கள். ஊக்கின் அழுக்கு உள்ளே போகும், ஓட்டை பெரிதாகிச் சொட்டும் பெரிதாகும், மருந்து நான்கே நாளில் தீரும். "இத்தனூண்டு மருந்துதான் போட்டிருக்கான்" என்று கம்பெனியைத் திட்டுவார்கள்.

இனி, மருத்துவர் பார்த்து உங்களுக்கென்று ஒரு பாட்டில் எழுதிக்கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொண்டு பேசுவோம். எத்தனை சொட்டு என்று கேட்டிருந்தீர்கள். ஒன்று.

நிஜமாகவே ஒன்று போதும். நம் கண்ணில் சாதாரணமாக நிற்கும் கண்ணீர் 7 மைக்ரோலிட்டர் அளவுக்குத்தான் இருக்கும். கீழிமையை இழுத்துப் பிடித்தாலும் 30 மைக்ரோலிட்டருக்கு மேல் தாங்காது. பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டே 30 முதல் 50 மைக்ரோலிட்டர். முதல் சொட்டிலேயே கண் நிரம்பி வழிகிறது. இரண்டாவது சொட்டு முதல் சொட்டைக் கழுவிக்கொண்டு கன்னத்தில் இறங்கும், அவ்வளவுதான். முதல் சொட்டு சரியாகக் கண்ணில் விழவில்லை என்று தெளிவாகத் தெரிந்தால் மட்டும் இன்னொன்று விடுங்கள்.

எப்படி விடுவது? ஐந்து பேரை விட்டுக் காட்டச் சொன்னால் நான்கு பேர் ஒரே மாதிரிதான் செய்வார்கள். நின்றுகொண்டு, தலையை லேசாகச் சாய்த்து, பாட்டிலை அரையடி உயரத்தில் பிடித்து, சொட்டு விழும் நேரத்தில் கண்ணை இறுக்கி மூடிவிடுவார்கள். சொட்டு இமை மேல் விழுந்து காதை நோக்கி ஓடும். பிறகு இன்னும் மூன்று சொட்டு. கடைசியில் கண்ணைப் படபடவென்று சிமிட்டிவிட்டுக் கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துக்கொள்வார்கள். மருந்து கைக்குட்டைக்குப் போய்ச் சேரும்.

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். கண்ணில் பீளை இருந்தால் அதை எடுத்துவிட வேண்டும், பீளைமேல் விடும் மருந்து பீளைக்குத்தான் போகும். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து, மூக்கோரத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பு. அடுத்த இழுப்புக்கு அடுத்த பஞ்சு, அடுத்த கண்ணுக்கும் வேறு பஞ்சு. கலங்கலான மருந்து என்றால் பாட்டிலை நன்றாகக் குலுக்க வேண்டும். பிறகு உட்காருங்கள், அல்லது படுத்துக்கொள்ளுங்கள், படுப்பதுதான் சுலபம். ஒரு விரலால் கீழிமையைக் கீழே இழுத்தால் சின்னப் பை மாதிரி விரியும். மேலே கூரையைப் பாருங்கள். பாட்டிலைக் கண்ணுக்கு ஒன்று இரண்டு செ.மீ. மேலே பிடித்து, இமையையோ மயிரையோ தொடாமல் அந்தப் பைக்குள் ஒரு சொட்டு. கை நடுங்கினால் பாட்டில் பிடித்த கையை நெற்றியில் ஊன்றிக்கொள்ளுங்கள்.

விட்டதும் கண்ணை மெதுவாக மூடுங்கள். இறுக்காதீர்கள், சிமிட்டாதீர்கள். ஒவ்வொரு சிமிட்டும் ஒரு பம்ப். மூக்கோர மூலையில் இருக்கும் சின்னத் துளை வழியாகக் கண்ணீரையும் மருந்தையும் மூக்குக்குள் தள்ளிவிடும். அந்த மூலையை, மூக்கெலும்பு ஓரமாக, சுட்டுவிரலால் லேசாக அழுத்தி இரண்டு நிமிடம் வைத்திருங்கள். மருந்து விட்ட கொஞ்ச நேரத்தில் தொண்டை கசக்கிறது என்பார்கள் பலர், குளோராம்ஃபெனிகால் விட்டவர்கள் நிச்சயம் சொல்வார்கள். கண்ணில் இருக்க வேண்டிய மருந்து தொண்டைக்கு வந்துவிட்டது என்பதன் ருசி அது. அழுத்திப் பிடித்தால் கசப்பு பாதியாகக் குறையும். நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

இரண்டு வகைச் சொட்டு மருந்து கொடுத்திருந்தால் நடுவில் ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும், பத்து என்றால் இன்னும் நல்லது. களிம்பும் இருந்தால் அது கடைசியில்தான். முதலில் களிம்பு பூசிவிட்டால் அதன் எண்ணெய்ப் படலத்தைத் தாண்டிச் சொட்டு மருந்து உள்ளே போகாது. களிம்பு கீழிமைக்குள் ஒரு செ.மீ. நீளத்துக்கு இருந்தால் போதும். கொஞ்ச நேரம் பார்வை மங்கும், அதனால் படுக்கப் போகும்போது போடுவது வசதி. போட்டுவிட்டு வண்டி ஓட்டாதீர்கள்.

எத்தனை நாள், எத்தனை வேளை என்பது மருந்துக்கு மருந்து மாறும். அதனால்தான் பக்கத்து வீட்டுக்காரர் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. மாக்ஸிஃப்ளாக்ஸசின் 0.5 சதவீதச் சொட்டு சாதாரணத் தொற்றுக்கு ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஏழு நாள் என்று இருக்கும். குளோராம்ஃபெனிகால் 0.5 சதவீதம் என்றால் முதல் இரண்டு நாள் விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கு ஒரு தரம், பிறகு நான்கு மணிக்கு ஒரு தரம், மொத்தம் ஐந்து நாள். கெட்டியான ஃபியூசிடிக் ஆசிட் கண்ணில் நின்று பேசும், அதனால் இரண்டு வேளை. அசித்ரோமைசின் 1 சதவீதம் முதல் இரண்டு நாள் இரண்டு வேளை, அடுத்த ஐந்து நாள் ஒரே வேளை. இவையெல்லாம் பொதுவான நடைமுறை. உங்கள் சீட்டில் வேறு எழுதியிருந்தால் சீட்டில் இருப்பதுதான் உங்களுக்கு.

சாதாரணத் தொற்றுக்கு ராத்திரி எழுந்து விட வேண்டாம், தூங்குங்கள். கருவிழியிலேயே புண் என்றால் கதை வேறு. அங்கே இரவும் பகலும் மணிக்கு ஒரு தரம் விடச் சொல்வார்கள். ஒரே பெயருள்ள மருந்து ஒருவருக்கு மூன்று வேளையும் இன்னொருவருக்கு இருபத்து நான்கு வேளையும் ஆவது இதனால்தான்.

ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் விடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் மறந்த வேளையைத் தவிர்த்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள். இரண்டு வேளையைச் சேர்த்து இரண்டு சொட்டாக விட்டால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன், கன்னத்துக்குத்தான் லாபம்.

கண் தெளிந்ததும் நிறுத்தலாமா? சொன்ன நாள் வரை விடுங்கள், பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு நாள். மூன்றாம் நாள் கண் பளிச்சென்று ஆகிவிடும், அங்கேதான் எல்லோரும் நிறுத்துகிறார்கள். மிச்சமிருக்கும் கிருமி திரும்பத் தலையெடுக்க இடம் கொடுக்காதீர்கள். ஆனால் அதே அளவுக்கு முக்கியமாக, சொன்ன நாளுக்கு மேலும் விடாதீர்கள். 'இன்னும் ரெண்டு நாள் விட்டா நல்லதுதானே' என்று மூன்று வாரம் விட்டுக்கொண்டு வருபவர்களுக்குத் தொற்று போயிருக்கும், மருந்தாலேயே கண் சிவந்திருக்கும். ஜென்டாமைசின், டோப்ராமைசின் வகைகளும் பாட்டில் கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சால்கோனியம் குளோரைடும் நாள்பட விட்டால் கருவிழியின் மேல்தோலைக் காயப்படுத்தும். வேளையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவது ஸ்டீராய்டுக்குச் சொல்லும் முறை. ஆன்டிபயாட்டிக்கை நீங்களாக அப்படிச் செய்தால், கிருமி சாகாத அளவுக்கு மருந்தைக் காட்டிப் பழக்குவதாக ஆகும்.

விட்டதும் ஒரு நிமிடம் எரிந்தால் பரவாயில்லை. விடவிட இமைத் தோல் சிவந்து தடித்து அரித்தால் அந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நியோமைசின் இதற்குப் பேர்போனது. நிறுத்திவிட்டுக் கேளுங்கள். சல்ஃபா மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், கண் மருந்திலும் சல்ஃபா உண்டு. ஒழுங்காக விட்டும் இரண்டு மூன்று நாளில் கொஞ்சமும் மாற்றம் இல்லையென்றால் திரும்பப் போங்கள். வைரஸாக இருந்தால் முதல் நான்கைந்து நாள் கூடத்தான் செய்யும், முழுக்க அடங்க இரண்டு மூன்று வாரம்கூட ஆகும். அது தெரிந்துவிட்டால் மருந்தை மாற்றி மாற்றி விடும் அவஸ்தை இல்லை.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர் என்றால் இன்றைக்கே கழற்றுங்கள், சிகிச்சை முடியும்வரை கண்ணாடிதான். போட்டிருந்த லென்ஸையும் அதன் டப்பாவையும் கண் தெளிந்த பிறகு திரும்ப எடுக்காமல் எறிந்துவிடுங்கள். லென்ஸோடு வரும் சூடோமோனாஸ் ஒரு நாள் இரண்டு நாளில் கருவிழியைக் கரைத்துவிடக் கூடியது. லென்ஸ் போடுபவரின் சிவந்த கண்ணை மருத்துவர் அன்றே பார்க்க வேண்டும் என்று மேலே சொன்னது அதனால்தான்.

காதில் விடும் சொட்டு மருந்தைக் கண்ணில் விடாதீர்கள், ஒரே மருந்துப் பெயராக இருந்தாலும். கண்ணுக்கானது கிருமியே இல்லாமல், கண்ணீரின் உப்புக்கும் காரத்தன்மைக்கும் ஏற்றமாதிரி செய்தது. காதுக்கானதுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. இன்னொன்று, இருட்டில் கைக்கு வந்ததை எடுத்து விடாதீர்கள். ஒட்டும் பசைக் குப்பியும் கண் மருந்துக் குப்பியும் ஒரே உருவம். பசையைக் கண்ணில் விட்டுக்கொண்டு இமை ஒட்டிப்போய் வந்தவர்கள் உண்டு.

இப்போது உங்கள் ஒன்பது மாதக் குழந்தை. அதற்குக் கண் சிவந்தால், இந்த வயதில் நீங்களாக எந்த மருந்தும் தொடங்காதீர்கள். கண் வெள்ளையாகவே இருந்து, எப்போதும் நீர் வடிந்து லேசாகப் பீளை மட்டும் கட்டினால் அது தொற்றாகவே இல்லாமல் இருக்கலாம். கண்ணீர் மூக்குக்கு இறங்கும் குழாய் சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போது திறந்திருக்காது, பெரும்பாலும் ஒரு வயதுக்குள் தானே திறந்துவிடும். மூக்கோரத்தில் அழுத்தி நீவிவிடச் சொல்லித்தருவார்கள். பிறந்து ஒரு மாதத்துக்குள் பீளை தள்ளி இமை வீங்கினால் மட்டும் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து வரும் கொனோரியா, கிளமிடியா கிருமிகளாக இருக்கலாம். அவற்றுக்குச் சொட்டு மருந்து போதாது, உடம்புக்குள் போகும் மருந்து வேண்டும். 1880-களில் லைப்சிக் நகரத்துப் பிரசவ மருத்துவர் கிரேடே பிறந்த குழந்தைகளின் கண்ணில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டுத் தடுக்கத் தொடங்கியது இந்த நோயைத்தான். அதற்கு முன் எத்தனையோ குழந்தைகளுக்குப் பார்வையைப் பறித்த நோய் அது.

குழந்தைக்கு மருந்து விடும் வழி ஒன்று சொல்கிறேன், உங்கள் மகனுக்கும் அடுத்த முறை உதவும். இமையைப் பிரிக்கப் போராட வேண்டாம். மல்லாக்கப் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொல்லி, மூக்கோர மூலையில் ஒரு சொட்டை விட்டுவிடுங்கள். குட்டைபோல் அங்கேயே நிற்கும். "இப்ப கண்ணைத் திற" என்றால் தானாக உள்ளே இறங்கிவிடும். அழும்போது விட்டால் கண்ணீரோடு போய்விடும், அழுகை ஓய்ந்த பிறகு விடுங்கள்.

மற்றபடி, கண் வலிக்காரரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மையில்லை. கறுப்புக் கண்ணாடி உங்கள் கூச்சத்துக்குத்தான், அடுத்தவர் பாதுகாப்புக்கு இல்லை. ஒட்டுவது கை வழியாக. கண்ணைத் தொட்ட கை, அந்தக் கை தொட்ட துண்டு, தலையணை உறை, கைபேசி, கதவுக் கைப்பிடி. அடினோவைரஸ் உலர்ந்த பொருள்மேல் பல நாள் உயிரோடு இருக்கும். அதனால் உங்களுக்கென்று தனித் துண்டு, தனித் தலையணை வைத்துக்கொள்ளுங்கள். மருந்து விடுவதற்கு முன்னால் மட்டும் இல்லை, விட்ட பின்னும் கையைக் கழுவிவிட்டே குழந்தையைத் தூக்குங்கள். கண் மை, இமைப் பென்சில் போடுபவர் என்றால் பழையதை எறிந்துவிடுங்கள்.

உங்களுக்கு வலியோ கூச்சமோ மங்கலோ இல்லை, லென்ஸும் போடுவதில்லை என்றால் இன்று ராத்திரியே ஓட வேண்டியதில்லை. சுத்தமாகத் துடைத்துக்கொண்டு நாளையோ மறுநாளோ காட்டுங்கள். போகும்போது மகனுக்கு விட்ட அந்தப் பாட்டிலையும் கையில் எடுத்துப் போங்கள், அதைக் காட்டினால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். திரும்பும்போது அங்கேயே மருந்துக் கழிவுக் கூடையில் போட்டுவிட்டு வரலாம்.